கோடு சேரல, தம்பி

போன வாரம் ஜமால் பாய் போன் செய்தார். திருவாரூர் பக்கத்துக்காரர். வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறாராம். "அந்த யானையை இறக்கணும் தம்பி. மாட்டினது நீங்க. நீங்கதான் வந்து இறக்கணும்" என்றார்.

யானை என்று அவர் சொன்னது ஒரு புரொஜெக்டரை.

சிரிக்காதீர்கள். இப்போது வருவதெல்லாம் டிபன் பாக்ஸ் அளவுதான். மேஜையில் வைத்து பட்டனை அமுக்கினால், படத்தைத் தானே நேராக்கிக்கொள்கிறது. நான் சொல்வது அந்தக் காலத்து சி.ஆர்.டி. புரொஜெக்டர். நாலு பேர் சேர்ந்தால்தான் தூக்கலாம். முன்பக்கம் மூன்று கண் – சிவப்பு, பச்சை, நீலம். ஒவ்வொரு கண்ணும் அதனதன் நிறத்தில் தனிப் படம் காட்டும். மூன்றும் திரையில் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால்தான் ஒரே படம். கொஞ்சம் விலகினாலும் போச்சு... கதாநாயகிக்கு மூன்று மூக்கு.

எழுத வருவதற்கு முன்னால் மயிலாடுதுறையில் டி.வி., வி.சி.ஆர். ரிப்பேர் கடை வைத்திருந்தேன். வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு இது தெரியும். நான்தான் மாதம் ஒரு தடவையாவது சொல்லிக்கொண்டிருக்கிறேனே! கேபிள் டி.வி. வந்து, தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் முளைத்திருந்த சமயம் அது. ஜமால் பாய்க்குத் துபாயில் ஒரு ஹோட்டலில் எலெக்ட்ரிக்கல் வேலை. பதினாறு வருஷமாக அங்கேதான். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு மாத லீவு. ஹோட்டல் மீட்டிங் ஹாலுக்குப் புதுசு வாங்கியதும், பழைய புரொஜெக்டரை இவர் தலையில் கட்டிவிட்டார்கள். மனிதர் அதைப் பெட்டி கட்டிக் கப்பலில் ஏற்றி ஊருக்கே கொண்டுவந்துவிட்டார்.

எதற்கு? ஒரே ஒரு கேசட்டுக்காக.

அதற்கு முந்தின வருஷம் அவருடைய ஒரே மகள் தாஹிராவுக்கு நிக்காஹ். லீவு கிடைக்கவில்லை. வாப்பா இல்லாமலே கல்யாணம் நடந்தது. வீடியோ கேசட்டை யாரிடமோ கொடுத்தனுப்பினார்கள். அவர் பார்க்கவில்லை. எட்டுப் பேர் தங்கும் ரூமில், பதினாலு இஞ்ச் டி.வி.யில், அடுத்தவன் சட்டை காய்கிற கயிற்றுக்குக் கீழே உட்கார்ந்து மகள் கல்யாணத்தைப் பார்ப்பதா? வீட்டுக்குப் போய்த்தான் பார்ப்பேன், சுவர் நிறையப் பார்ப்பேன் என்று ஒரு வைராக்கியம்.

"மாட்டிக் கொடுத்துடுங்க தம்பி. கேசட்டைப் பாத்துட்டு நிம்மதியாக் கெளம்பிடுவேன்" என்றார்.

அதைச் சொன்னபோது அவர் மனைவி நூர்ஜஹான் அக்கா சமையல்கட்டு வாசலில் டீ டம்ளர்களோடு நின்றுகொண்டிருந்தார். லீவில் பத்து நாள்தான் மிச்சம்.

வேலையை ஆரம்பித்தேன். அந்த மாடலில் ஜூம் கிடையாது. எட்டடித் திரை என்றால், லென்ஸிலிருந்து திரை வரைக்கும் இத்தனை அடி, இத்தனை இஞ்ச் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். இஞ்ச் தப்பினால் முதலிலிருந்து வர வேண்டும். கூடத்தில் கதவு, ஜன்னல் இல்லாத சுவர் ஒன்றே ஒன்றுதான். அல்வா மாதிரி சுவர்! நூல் பிடித்து நடு கண்டுபிடித்து, திரையைக் கட்டினேன். உத்திரத்தில் துளை போட்டு, வெல்டிங் கடையில் அடித்து வாங்கிய இரும்புச் சட்டத்தை போல்ட் போட்டு முடுக்கினேன். அரிசி மில்லிலிருந்து நாலு லோடுமேன்கள் வந்து யானையைத் தூக்கிக் கொடுத்தார்கள். நாலு நாள் ஓடிவிட்டது.

ஐந்தாம் நாள் காலையில்தான் அக்கா முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"தம்பி... அது மேற்குச் சுவராச்சே. நான் அதைப் பாத்துத்தானே அஞ்சு வேளையும் தொழுவறேன்."

திரும்பி பாயைப் பார்த்தேன். அவர் முகம் என் முகத்தைவிட மோசமாக இருந்தது. அவர் தொழுவது பள்ளிவாசலில். வீட்டில் மனைவி எந்த இடத்தில் தொழுகைப் பாயை விரிக்கிறார், எந்தச் சுவரைப் பார்த்து நிற்கிறார்... அந்த மனிதருக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? தெரிந்துகொள்கிற அளவுக்கு அவர் அந்த வீட்டில் இருந்ததே இல்லையே.

முதல் நாளே சொல்லியிருக்கலாமே அக்கா என்று கேட்டேன். நீங்கள் நூல் பிடித்து அளந்துகொண்டிருந்தீர்கள், இடையில் பேச வேண்டாமென்று இருந்துவிட்டேன் என்றார். பாவம், கூச்சப்படுகிறார் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

வேறு ரூமில் போய்த் தொழுதுகொள் என்று பாய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் குணம் அப்படி. லோடுமேன்களைத் திரும்பக் கூப்பிட்டோம். திரை கிழக்குச் சுவருக்குப் போனது; அங்கே வாசல் கதவு இருந்ததால், சுருட்டி மேலே ஏற்றுகிற மாதிரி திரை தைத்தோம். தூரம் ஒத்துவரவில்லை என்று அடுத்த உத்திரத்துக்கு யானை இடம் மாறியது. மறுபடி நாலு நாள். டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளிப்போட்டார்.

இனிதான் நிஜமான வேலை. கோடு சேர்ப்பது.

மிஷினைப் போட்டு அரைமணி நேரம் சூடேற விட வேண்டும். அதுவரைக்கும் டீயும், அக்கா சுட்ட இறால் வாடாவும். பிறகு திரையில் கட்டம் கட்டமாகக் கோடுகள் வரும். முதலில் பச்சையை நேராக்கி வைத்துக்கொண்டு, சிவப்பை நகர்த்தி அதன்மேல் போட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் மஞ்சள் கோடு. அதன்மேல் நீலத்தையும் கொண்டுவந்து போட்டால் வெள்ளைக் கோடு. நான் ஏணியில் உட்கார்ந்து ஒவ்வொரு திருகாகத் திருப்புவேன். பாய் கீழே ஏணியைப் பிடித்துக்கொள்வார். திரைக்குப் பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் இல்லையா? அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து நின்றார்.

"சேந்துடுச்சா அக்கா?"

"சேரல தம்பி."

ஒரு நாள் முழுக்க இப்படியே போனது. மறுநாள் மதியம் வரைக்கும் கரண்ட் இல்லை. அதற்கடுத்த நாளும் சேரல. எனக்கு என் தொழில்மீதே சந்தேகம் வந்துவிட்டது. துபாயிலிருந்து ஃபேக்ஸ் வந்திருந்தது – இந்தத் தேதிக்குள் வந்து சேர், இல்லாவிட்டால் வேறு ஆள் போட்டுக்கொள்கிறோம். அந்தத் தேதிக்கு இன்னும் மூன்றே நாள்.

மறுநாள் காலையில் ஏணியிலிருந்து பார்க்கிறேன்... பளிச்சென்று ஒரே வெள்ளைக் கோடு. சந்தோஷம் தாங்கவில்லை எனக்கு.

"சேந்துடுச்சுக்கா!"

"சேரல தம்பி."

இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மூலைக்கு மூலை பார்த்தேன். சிவப்பு ஓரமில்லை, நீல ஓரமில்லை. சுத்தமான வெள்ளை. அக்கா என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தபடி, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

"உங்க கண்ணுக்குச் சேந்திருக்கும் தம்பி."

கோடு சேர்ந்தால் கேசட், கேசட் முடிந்தால் துபாய் – அப்போதுதான் எனக்கு எல்லாமே உறைத்தது. மேற்குச் சுவர் உட்பட.

என்ன செய்வீர்கள்? நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? ரிப்பேர் கடைக்காரன் பொய் சொல்லத் தெரியாதவன் இல்லை. ரெடியாகாத டி.வி.யை ரெடியாகிவிட்டது என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். ரெடியானதை ஆகவில்லை என்று சொன்னது அன்று ஒரு நாள்தான்.

"ஆமா பாய். இன்னும் சேரல" என்றேன்.

பாய் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு எப்படிப் போவது என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, எஸ்.டி.டி. பூத்துக்குக் கிளம்பினார். துபாய்க்குப் பேசிவிட்டு வந்து, மறுபடி ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

ஃபேக்ஸில் வந்த தேதி போய் இரண்டாம் நாள். மிஷினைப் போட்டேன், சூடேறியது, ஏணியில் ஏறினேன். ஒரு திருகைக்கூடத் தொடவில்லை.

"சேந்துடுச்சு தம்பி" என்றார் அக்கா.

அன்று மத்தியானமே தாஹிராவும் மாப்பிள்ளையும் வந்தார்கள். ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டி இருட்டாக்கி, கேசட்டைப் போட்டோம். எட்டடித் திரையில், சரிகை முக்காடும் தலை நிறையப் பூவுமாகத் தாஹிரா உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பெண்கள் கூட்டம். அவள் மட்டும் அடிக்கடி நிமிர்ந்து வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரைத் தேடுகிறாள் என்று கேட்கவா வேண்டும்? பாய் வாய்விட்டு அழுதார். நிஜத் தாஹிரா எழுந்து வந்து வாப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். நானும் அழுதேன், சொல்வதற்கென்ன வெட்கம்.

அவர் அப்புறம் துபாய் போகவே இல்லை. பஸ் ஸ்டாண்ட் எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடை போட்டார். முதல் சில வருஷம் ரொம்பவே கஷ்டப்பட்டார். அந்தக் கடையைத் தாண்டி பஸ் போகும்போதெல்லாம் எனக்குக் குறுகுறுக்கும். ஒரு பொய்யால் ஒரு மனிதரின் வேலைக்கு உலை வைத்துவிட்டோமோ?

எனவே போன வாரம் போனதும் முதல் காரியமாக, யானைக்கு நேர் கீழே நின்றுகொண்டு உண்மையைக் கக்கிவிட்டேன். அன்றைக்குக் கோடு சேர்ந்துவிட்டது பாய், நான்தான் பொய் சொன்னேன், மன்னித்துவிடுங்கள் என்றேன். அக்காவின் பெயரை இழுக்கவில்லை.

பாய் நிதானமாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னது யாரு தம்பி? எனக்கும் ஒரே வெள்ளக் கோடாத்தான் தெரிஞ்சுது."

அக்கா டீயோடு வந்தார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார், மேலே யானையைப் பார்த்தார், ஏணியை லேசாக ஆட்டிப் பார்த்தார்.

ஏணி சரியில்லையாம். இன்றைக்கு இறக்க வேண்டாமாம்!