பாதயாத்திரைக்காரர்கள் பேரில் போன அரிசி

மாதாவின் பேரைச் சொல்லித்தான் அவன் என்னை ஏமாற்றினான். நன்மை பெற்றவர்கள் அந்த நன்மையிலிருந்துதான் சாட்சி சொல்லத் தொடங்குவார்கள். எனக்கு அப்படி வரவில்லை. போன ஆவணியில் விழுந்து கிடந்த பள்ளத்திலிருந்துதான் எனக்குச் சொல்லத் தெரிகிறது. பங்கு மக்களே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் சகாயமேரி. ஊர் பூதலூருக்குப் பக்கம். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. மிச்சத்தை மனுஷர்களோடு பேசிப் பேசித்தான் கற்றுக்கொண்டேன். "சகாயம் வாயத் திறந்தா பஸ்ஸு கூட நின்னு கேட்டுட்டுதான் போகும்" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அந்த வாய்தான் எனக்குப் பிழைப்பு. மாப்பிள்ளைச் சம்பா அரிசியையும் அவலையும் வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்கிறேன். எழுதுவதைவிடக் குரல் பதிவு அனுப்புவதுதான் எனக்குக் கைவந்த வேலை.

அரிசி என்னுடையது இல்லை. என் ஓர்ப்படி லூர்து அக்காவுடையது. வீட்டுக்காரரின் அண்ணன் இறந்த பிறகு மூன்று மா நிலத்தை, ஏறக்குறைய ஒரு ஏக்கரை, தனியாக நின்று பயிர் செய்கிறார். சொந்த நிலமும் இல்லை, குத்தகை நிலம். அதற்கும் பத்திரம் கிடையாது, வெறும் வாய்ப்பேச்சு. தஞ்சாவூரில் இருக்கும் நிலக்காரர் அந்த வருஷம் கறாராகச் சொல்லிவிட்டார். நாற்றங்கால் விடுவதற்குள் குத்தகைப் பணம் முழுதும் கைக்கு வரவேண்டும், வராவிட்டால் மனை போடுகிறவருக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். அந்த நிலம் போனால் அக்கா மறுபடி அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்க வேண்டும். எங்கள் இருவருக்கும் மாமியாரானவர் அப்படி நடவு நட்டே முதுகு வளைந்து செத்தவர். அக்கா அதற்குத்தான் பயந்தார்.

நாங்கள் வேலை செய்யும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். வங்கிக் கணக்கு என் பெயரில் இருக்கிறது. அதில் கொடுத்திருக்கும் போன் நம்பர் வீட்டுக்காரருடையது. அவர் அறுப்பு மிஷின் ஓட்டுகிறவர், பாதி நாள் வெளியூரில் இருப்பார். யாராவது பணம் அனுப்பினால் அவர் போனுக்குத்தான் செய்தி வரும். உடனே எனக்குக் கூப்பிட்டு, "வந்திருச்சு" என்பார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் மூட்டையின் வாயைக் கட்டுவோம். பழைய புடவையைக் கிழித்த நாடாவால் கட்டுவோம். அந்த முறை அக்காவின் ஊதாப் புடவை.

வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நடந்து போகிறவர்கள் எங்கள் ரோட்டில் வரத் தொடங்கியிருந்த சமயம். ஒருவன் போனில் கூப்பிட்டான்.

"மரியே வாழ்க சிஸ்டர். திருச்சியிலிருந்து நடைபயணமா வர்றோம். நாகப்பட்டினம் போறவரைக்கும் வழியெல்லாம் அன்னதானம். உங்க அரிசியைப் பத்திக் கேள்விப்பட்டோம். இருக்கிறதெல்லாம் எடுத்துக்கிறோம்."

எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அக்கா முகத்தைப் பார்த்தேன். அவர் கையைக் கூப்பிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் பணம் அனுப்பிய படம் வந்தது. பச்சை வட்டம், நடுவில் டிக், என் பெயர், தொகை எல்லாம் அதில் இருந்தது. பின்னாலேயே, தொகை வரவு வைக்கப்பட்டது என்று வங்கி அனுப்புவது போலவே ஒரு செய்தியும் வந்தது. வாசலில் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி வந்து நின்றது.

"உன் வீட்டுக்காரர் இன்னும் கூப்பிடலையே சகாயம்" என்றார் அக்கா.

"மெஷின் சத்தத்துல கேட்டிருக்காது. இங்கதான் மெசேஜ் வந்திருக்கே, பாருங்க" என்றேன்.

அக்கா அதற்கு மேல் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. நடந்து போகிறவர்களின் வயிற்றுக்குப் போகும் அரிசியை வாசலில் நிறுத்தி வைத்துப் பணத்தைப் பற்றிப் பேசமாட்டோம். அது மாதாவைக் காக்க வைப்பது போல. அதனால் மூட்டைகளை ஏற்றினோம். எங்கள் காணிக்கையாக ஒரு மூட்டையைக் கூடுதலாகவும் வைத்தோம். அக்கா வண்டியைத் தொட்டுக் கும்பிட்டு அனுப்பினார்.

சாயங்காலம் வீட்டுக்காரர் கூப்பிட்டார். நான் சந்தோஷமாகச் சொன்னேன்.  "எனக்கு ஒண்ணும் வரலையே" என்றார்.

"எனக்கு வந்துச்சுங்க."

"உன் நம்பருக்கு எப்படிடி வரும்? உன் நம்பரு பேங்குல இல்லவே இல்லையே."

 செய்தியைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். வங்கியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒருவரின் சாதாரண போன் நம்பர் இருந்தது. நான் தொகையைத்தான் பார்த்தேனே தவிர, அனுப்பியது யார் என்று பார்க்கவில்லை. அவன் நம்பருக்குக் கூப்பிட்டேன். அணைத்து வைத்திருந்தான்.

அக்கா திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டவில்லை. காலியான அறையைப் பெருக்கினார். சிந்திக் கிடந்த அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முறத்தில் போட்டார். அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை.

வீட்டுக்காரர் போலீசுக்குப் போகச் சொன்னார். போகவில்லை. ஊருக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்கள்? 'ஊருக்கே வாய் பேசுறவ, ஓர்ப்படி சொத்தத் தூக்கிக் கொடுத்துட்டா' என்பார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்தேன். தெருவில் நடக்கும் அன்பிய ஜெபக் கூட்டத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். வாட்ஸ்அப்பில் கேட்டவர்களுக்கு அரிசி தீர்ந்துவிட்டது என்றேன். அது பொய்யும் இல்லை. வயலுக்குத் தெளிக்கும் மருந்து வைத்திருக்கும் மூலைப் பக்கமே மனசு போய்ப் போய் வந்தது. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அந்த மூலை கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால், உடனே எழுந்து போய்ப் பக்கத்தில் இருக்கிறவரிடம் சொல்லுங்கள்.

ரோட்டோரம் மாதா சுரூபம் வைத்த எங்கள் ஊர்க் கெபி இருக்கிறது. அங்கே போய் மாதாவின் முன்னால் நின்றேன். ஜெபமாலை கையில் இருந்தது. ஒரு மணி கூட நகரவில்லை. "உன் பேரைச் சொல்லித்தானே எடுத்துட்டுப் போனான். நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்த. அக்கா நெலம் போகக் கூடாது. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றேன். அவ்வளவுதான் என் ஜெபம். சண்டை போட்ட மாதிரிதான் இருந்தது. மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும் போனேன். ஒன்றும் நடக்கவில்லை.

அப்படி நின்ற ஒரு மத்தியானம் நடைபயணக்காரர்கள் சிலர் கெபி நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். மாதாவுக்கு நேர்ந்து காவி உடுத்த ஒரு பெண், என்னைவிடச் சின்னவள், காலை நீட்டிக் கொப்புளத்தை ஊதிக்கொண்டிருந்தாள். மணப்பாறைப் பக்கத்தில் மில் வேலையாம். தண்ணீர் கொடுத்தேன். தண்ணீர் கொடுக்கிறவருக்காக நடக்கிறவர் வேண்டிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். அவளும் கேட்டாள்.

"அக்கா, மாதாகிட்ட என்ன சொல்லணும்? என் காலு அதுவரைக்கும் போச்சுன்னா கட்டாயம் சொல்றேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. யாரிடமும் சொல்லாததை முகம் தெரியாத அவளிடம் முழுதும் கொட்டினேன். கொப்புளத்தை மறந்துவிட்டு அவள் கேட்டாள்.

"இத உங்க ஊர்ல யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"சொல்லல."

"என்னக்கா நீங்க. திருடன் பேரைக் காப்பாத்திக்கிட்டு உக்காந்திருக்கீங்க. அவன் இந்நேரம் வேற வீட்டு வாசல்ல நிப்பானே."

அவள் எழுந்து நொண்டி நொண்டி நடந்து போனாள். பெயரைக் கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. மாதா எனக்குக் கொடுத்த பதில் அதுதான் என்று நான் நம்புகிறேன். பதில் என்றால் மனசுக்கு இதமாக இருக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்கு அது அறைந்த மாதிரி வந்தது.

கெபிப் படியில் உட்கார்ந்தேன். எங்களைப் போல வீட்டிலிருந்து விற்கிற பெண்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறது. அதில் குரல் பதிவு போட்டேன். அவன் அனுப்பிய படம், பொய்ச் செய்தி, அவன் நம்பர் எல்லாவற்றையும் போட்டேன். மரியே வாழ்க என்று ஆரம்பித்த விதம், குட்டியானை, ஊதாப் புடவை நாடா எல்லாவற்றையும் சொன்னேன். என் முட்டாள்தனத்தையும் விடவில்லை.

பதிவு போய்க் கொஞ்ச நேரத்துக்குள் குத்தாலத்திலிருந்து பரீதா கூப்பிட்டது. வீட்டிலேயே அவல் இடித்து விற்கிற பெண். அதுவரை நேரில் பார்த்ததில்லை. குரல் தாழ்ந்திருந்தது.

"அக்கா, உங்க வாய்ஸ் கேட்டுக்கிட்டு இருக்கேன். எங்க வாசல்ல குட்டியானை நிக்குது. என்கிட்ட அவன் ஸலாம் சொன்னான்க்கா, தர்காவுக்கு நேர்ச்சைச் சாப்பாடுன்னான். பணம் அனுப்புன படமும் வந்திருச்சு."

"மூட்டைய ஏத்திட்டியாம்மா?"

"பாதி ஏத்தியாச்சு. வண்டிக்குள்ள ஒரு மூலையில ஊதாத் துணிக் கிழிசல் கிடக்குதுக்கா."

"இனி ஒரு மூட்டையும் ஏத்தாதம்மா" என்றேன். பரீதா பதறவில்லை. டிரைவருக்கு டீ போட்டுக் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, தெரு ஆண்களைக் கூப்பிட்டு வண்டியைச் சுற்றி நிற்க வைத்தது. போலீசும் வந்தது. டிரைவர் ஒன்றும் அறியாதவர், வாடகைக்கு வந்தவர். சரக்கை இறக்கும் இடத்தை அவரே காட்டினார். ஒரு பழைய கொட்டகை. அங்கே எங்கள் மூட்டைகளில் கொஞ்சம் கிடந்தன. பெரும்பகுதி விற்றுப் போயிருந்தது. என்னிடம் போனில் பேசியவன் பிடிபட்டான். அவனோடு சேர்ந்தவர்கள் இன்னும் பிடிபடவில்லை என்று சொல்கிறார்கள்.

நானும் அப்போதுதான் போலீசில் எழுதிக் கொடுத்தேன். ஏமாந்த அன்றைக்கே வந்திருந்தால் அரிசி முழுதும் கிடைத்திருக்கலாம் என்றார் அங்கே இருந்தவர். அந்த வார்த்தை இன்னும் உறுத்துகிறது.

மீட்ட அரிசியும் உடனே கைக்கு வரவில்லை. வழக்குப் பொருள் என்று கோர்ட்டுக்குப் போனது. வந்தபோது வண்டு பிடித்திருந்தது. நிலக்காரர் வைத்த கெடுவோ அதற்கு முன்பே வந்துவிட்டது. முந்தின சாயங்காலம் நானும் அக்காவும் வரப்பில் உட்கார்ந்திருந்தோம். வாய்க்காலில் தண்ணீர் வந்திருந்தது. நாற்றங்காலுக்கு உழ வேண்டிய நேரம். அக்கா தண்ணீரில் காலை விட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரர் கூப்பிட்டார். "சகாயம், வந்திருச்சு" என்றார்.

"என்னங்க வந்திருச்சு?"

"பணம். குத்தாலத்துலேருந்து யாரோ பரீதாவாம். இரு, இன்னொண்ணும் வருது."

பரீதாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அடுத்த அறுப்பு அரிசிக்குக்கா. மூட்டை தையில வரட்டும், பணம் இப்ப வரட்டும். குழுவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றது. அன்றைக்கு இருட்டும் வரைக்கும் வீட்டுக்காரர் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். அறுப்பு மிஷின் சத்தத்துக்கு நடுவில் கத்திக் கத்திச் சொன்னார். வந்திருச்சு, வந்திருச்சு. அக்கா என் தோளில் சாய்ந்துகொண்டு அழுதார். அரிசி போன நாளிலிருந்து அவர் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்போதும் முழுத்தொகை சேரவில்லை. நிலக்காரர் இரண்டு மாவை விட்டுக் கொடுத்தார். ஒரு மா போய்விட்டது. இப்போது அதில் மனைக்கல் நட்டிருக்கிறார்கள். தினமும் அதைத் தாண்டித்தான் வயலுக்குப் போகிறோம். அக்கா கூலிக்கு இறங்கவில்லை. நான் மாதாவிடம் கேட்டதில் மூன்றில் இரண்டு பங்கைக் கொடுத்தாள். மூன்றாவது பங்கை நான் வாயை மூடிக்கொண்டிருந்ததில் தொலைத்தேன் என்றுதான் கணக்கு வைத்திருக்கிறேன்.

இப்போது பணம் அனுப்பியதாக வரும் படத்தை நாங்கள் பணமாக எண்ணுவதில்லை. படத்தை யார் வேண்டுமானாலும் செய்யலாம், செய்தியையும் செய்யலாம். வீட்டுக்காரர் கணக்கைத் திறந்து இருப்பைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் நாடா கட்டுகிறோம். பணம் வாங்குகிறவள் ரகசிய எண்ணைப் போட வேண்டியதே இல்லை. போடச் சொன்னால் அவன் எடுக்க வந்தவன். அவசரப்படுத்துகிறவனிடம் இன்னும் மெதுவாகப் பேசுகிறேன். யாராவது ஏமாந்தால் அந்த நிமிஷமே வங்கிக்கும் போலீசுக்கும் சொல்லச் சொல்கிறேன், பிறகு குழுவிலும்.

இந்த ஆவணியிலும் ஒரு நடைபயணக் குழு அன்னதானத்துக்கு அரிசி கேட்டது. "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. பணம் கணக்குல ஏறட்டும், மூட்டை வண்டியில ஏறும்" என்றேன். அவர் சிரித்தார். "மாதா சாட்சியா அனுப்புறேன், பாத்துச் சொல்லும்மா" என்றார். வீட்டுக்காரர் "வந்திருச்சு" என்று சொன்ன பிறகு மூட்டைகள் ஏறின. அக்கா உள்ளே போய், வண்டு பிடித்த அந்த அரிசியில் புடைத்து எடுத்து வைத்திருந்த நல்ல மூட்டை ஒன்றைத் தூக்கி வந்து, காணிக்கை என்று மேலே வைத்தார். வண்டியைத் தொட்டுக் கும்பிட்டார். போன வருஷம் கும்பிட்ட மாதிரியேதான்.

துன்பத்தில் இருக்கிறவர்களே, மாதாவிடம் சொல்லுங்கள், கேட்பாள். அவளிடம் சொன்ன அந்த வாயாலேயே பக்கத்து வீட்டிலும் சொல்லுங்கள். அவள் பதில் அந்த வாசல் வழியாகவும் வரும்.