கடை திறந்த அன்று வந்த கொத்தனார்

யுத்தத்துக்கு இரண்டு வருஷம் முன்பு, தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் பாழாய்க் கிடந்த ஒரு சத்திரத்தை வாங்கி, என் கணவரும் அவருடைய அண்ணனும் காப்பி கிளப் ஆக்கினார்கள். சமையல் என் பொறுப்பு.

கட்டடத்தைச் செப்பனிட வந்த கொத்தனார் ஒல்லியானவர். புருவத்தில்கூடச் சுண்ணாம்பு படிந்திருக்கும். எந்தச் சுவரையும் இடிப்பதற்கு முன் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். "இது நம்ம பேரன் காலத்துக்கும் நிக்கும், விட்டுருவோம்" என்று சொல்லியே பாதிச் சுவர்களைக் காப்பாற்றிவிட்டார்.

அடுப்பு போடும்போது என்னைக் கூப்பிட்டார்.

"தாயி, எம்புட்டு உசரம் வேணும்? இங்கன நின்னு வேகப்போறது நீங்கதான?"

அந்தக் குடும்பத்தில் அதுவரை யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

கடை திறந்த அன்று வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்து, முன்கூடத்துப் பலகையில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் இலையை விட்டு எழுந்துவிட்டார்கள். கணவரின் அண்ணன் ஓடிவந்தார்.

"கொத்தனாரே, ஒங்க ஆளுகளுக்குப் பின்பக்கம் இலை போட்டிருக்கு. அங்கன போயி சாப்பிடும்."

"மூணு மாசமா இங்கன உக்காந்துதான கஞ்சி குடிச்சேன், மொதலாளி? அப்போ இது கடையா இல்ல, அதான் போல."

கோபமில்லாமல்தான் சொன்னார். எழுந்தவர், சமையற்கட்டு வாசலில் நின்ற என்னை ஒரு தரம் பார்த்தார். நான் இட்லித் தட்டோடு உள்ளே திரும்பிவிட்டேன். சாப்பிடாமலே போய்விட்டார்.

பிறகு இலத்தூரில் வேலை செய்வதாகக் கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவில்லை. அன்று நான் வாய் திறந்திருந்தாலும் கணவரின் அண்ணன் கேட்டிருக்கமாட்டார். ஆனால் கொத்தனார் கேட்டிருப்பார்.