பயறு முளைக்கவில்லை, ஆனாலும் தாயார் கேட்டாள்

அன்று டாக்டர் அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். டாக்டர். ஒரு நர்ஸ் அம்மா. நான். என் மனைவி சரோஜா. அவள் பர்சுக்குள் சின்னப் படமாகத் திருப்புட்குழிப் பெருமாள் கோயில் தாயார். ஆக ஐந்து பேர். கதவு சாத்தியிருந்தது. ஆனாலும் நான் இரண்டு தரம் எழுந்து போய், தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

அந்த அறைக்கு நான் வந்து சேர்ந்த கதையைத்தான் அடியார்களுக்கு எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஏழாவதோடு படிப்பை விட்டவன்.

எங்களுக்கு உத்திரமேரூர் பக்கம் ஒரு கிராமம். விவசாயம். வயது அறுபத்தொன்று. பயந்த சுபாவம். மேகம் கூடினால் நெல் நனையுமே என்று பயப்படுவேன். கூடாவிட்டால் ஏரி வற்றுமே என்று பயப்படுவேன். அப்படிப்பட்டவனுக்குச் சென்ற ஆண்டு ஆடியில் சிறுநீர் சரியாகப் போகவில்லை. ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், சதை எடுத்துப் பார்த்தார்கள். புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்றார்கள். ஐப்பசியில் ஆபரேஷன். தாயார் கிருபையால் உயிர் பிழைத்தேன். கட்டியை முழுவதும் எடுத்தாயிற்று என்றார் டாக்டர். ஊரே வந்து ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொடுத்துப் பார்த்துவிட்டுப் போனது.

ஆனால் ஒரு விஷயம் யாருக்கும் தெரியாது. ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கு விறைப்பு வருவது நின்றுவிட்டது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் என்னைப் போல இன்னொருவர் வாயை மூடிக்கொண்டு தவிக்கக் கூடாது. அதனால் எழுதுகிறேன்.

அதற்கான நரம்பு சுரப்பியின் பக்கத்திலேயே ஓடுகிறது, பாதிப்பு வரலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். உயிர்ப் பயத்தில் அது என் காதில் ஏறவில்லை. மாதங்கள் போன பிறகுதான் ஏறியது. சரோஜா முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் என்னைப் பற்றி என்ன நினைப்பாளோ என்று நானே நினைத்து நினைத்து உருகினேன். தை மாதம் கட்டிலைத் தூக்கிக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குப் போய்விட்டேன். ஒயர் திருடன் சுற்றுகிறான், மோட்டாருக்குக் காவல் வேண்டும் என்று வீட்டில் சொன்னேன். அவள் போர்வையை மடித்துக் கொடுத்தாள்.

காஞ்சிபுரத்தில் ஒரு சுவரில் லாட்ஜ் வைத்தியர் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மூன்று முறை படித்தேன். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்து அங்கே போகவில்லை. என் பயம் எனக்கு நல்லது செய்த ஒரே இடம் அது.

அப்புறம்தான் தாயார் நினைவு வந்தது. திருப்புட்குழியில் பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் வறுத்த பயறை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு படுப்பார்கள். வறுத்த பயறு முளைக்காது. தாயார் அருள் இருந்தால் முளைக்கும். அது முளைத்தால் பிள்ளை நிச்சயம். வறுத்ததையே முளைக்க வைப்பவள் என்னையும் பார்க்க மாட்டாளா என்று எனக்குத் தோன்றியது. அது பெண்களுக்கான வேண்டுதல் என்று தெரியும். ஆண் கட்டிக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. தெரிந்தேதான் செய்தேன்.

பங்குனியில் ஒரு நாள் சரோஜா நூறு நாள் வேலைக்குப் போயிருந்தபோது நானே அடுப்பைப் பற்றவைத்துப் பயறை வறுத்தேன். முதல் பிடி கருகிப் போனது. இரண்டாம் பிடியைக் கோயிலுக்கு எடுத்துப் போய்ச் சன்னதியில் வைத்து, “தாயே, எனக்கு ஒரு வழி காட்டு. வழி கேட்க வாயாவது கொடு” என்று அழுதேன். வீட்டுக்கு வந்து பயறை நனைத்துத் துணியில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டு கொட்டகையில் படுத்தேன்.

படுத்தவன் சும்மா இருந்தேனா? முளைத்ததா, முளைத்ததா என்று முடிச்சை அவிழ்த்துப் பார்ப்பேன். மறுபடி கட்டுவேன். விடிந்ததும் சரோஜா டீ கொண்டுவந்தாள். அவசரமாக எழுந்ததில் முடிச்சு நழுவித் தரையில் விழுந்து பயறு சிதறியது. ஒன்றுகூட முளைக்கவில்லை. காய்ந்து கிடந்தது.

அவள் குனிந்து ஒரு பயறை எடுத்துப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

“இன்னாயா இது? இந்த வயசுல புள்ள வரம் கேக்கறியா?” என்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

“வூடெல்லாம் தீஞ்ச வாட அடிச்சப்பவே நெனச்சேன். அது கெடக்கட்டும். மெக்கானிக்கு மோட்டார காயில் கட்ட எடுத்துனு போயி பத்து நாளு ஆவுது. வெறும் கொட்டாயில எத்தயா காவல் காத்துகினு கீற?”

எனக்கு அது நினைவே இல்லை. இல்லாத மோட்டாருக்குப் பத்து நாள் காவல் இருந்திருக்கிறேன்! அவள் முன்னால் உட்கார்ந்து அழுதேன். எல்லாவற்றையும் சொன்னேன். அத்தனை மாதம் வராத வார்த்தை அன்று வந்தது. பயறைக் கேட்டேன், தாயார் வாயைக் கொடுத்தாள்.

சரோஜா பயறைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு சொன்னாள்: “பக்கத்துல படுன்னுதான நான் கேப்பேன்? வேற இன்னா கேட்டுட்டேன் உன்ன? ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா. நானும் வரேன்.”

அப்படித்தான் சித்திரையில் அந்த அறையில் ஐந்து பேர் இருந்தோம்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள்தான் பேசினாள். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில்கூட யாரும் அவ்வளவு தெளிவாகப் பேசிக் கேட்டதில்லை.

“ஆபரேசனுக்கு அப்பால இவருக்கு அது இல்ல சார். இதுக்கு வைத்தியம் கீதா? அத்த பண்ணா அந்த நோவு திரும்ப வருமா? பண்ணாம வுட்டா உடம்புக்கு எதுனா ஆவுமா?”

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, “இதையெல்லாம் கேட்க மாட்டாங்களான்னு நாங்க காத்துக்கிட்டிருப்போம்மா” என்றார். பொறுமையாகச் சொன்னார். இந்த வைத்தியத்தால் புற்றுநோய் திரும்பும் என்று பயப்பட வேண்டாம். ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் உயிருக்குக் கெடுதல் இல்லை. மாத்திரை உண்டு. ஆனால் நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை நான் வைத்திருப்பதால் அது எனக்கு ஆகாது, இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கிவிடும். அந்த இடத்திலேயே போடும் ஊசி உண்டு. காற்றை உறிஞ்சி ரத்தத்தை வரவழைக்கும் குழாய்க் கருவி உண்டு. கடைசியாக, செயற்கைத் தண்டு ஒன்றை உள்ளே வைத்துத் தைக்கும் ஆபரேஷன்.

“ஆபரேஷனே பண்ணிடுங்க சார்” என்றேன். ஒரேயடியாக முடிந்தால் கவலை விட்டதே என்ற எண்ணம்.

சரோஜா என் பக்கம் திரும்பினாள். “இப்பதான் ஒரு கத்திய தாண்டி வந்துகீற. எனக்கோசரம்னா ஒண்ணியும் வேணாம், நான் நல்லாத்தான் கீறேன். உனக்கு வேணும்னா சொல்லு. ஆனா பயந்துகினு சொல்லாத. யோசிச்சு சொல்லு.”

டாக்டரும், “நரம்பு தேற இன்னும் காலம் இருக்குங்க ஐயா. சிலருக்கு ரெண்டு வருஷம்கூட ஆகும். ஆபரேஷன் எங்கயும் ஓடிப் போகாது” என்றார்.

கண்ணை மூடித் தாயாரை நினைத்தேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பயம் இல்லாமல் ஒரு முடிவு சொன்னேன். “கருவி போதும் சார். அவ கூட இருந்து கத்துக்கட்டும்.”

நர்ஸ் அம்மா தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். வந்த ரத்தம் இறங்காமல் இருக்க மாட்டும் ரப்பர் வளையத்தை அரை மணிக்கு மேல் விடக் கூடாது என்று சரோஜாவிடம் இரண்டு முறை சொன்னார். வீட்டில் முதல் தடவை ஒன்றும் சரியாக வரவில்லை. இருவரும் சிரித்துவிட்டோம். அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. பிறகு பழகிவிட்டது. பழைய மாதிரி என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கட்டில் வீட்டுக்குள் வந்துவிட்டது. சென்ற மாத ரத்தப் பரிசோதனையும் சுத்தம் என்று வந்தது.

முப்பத்தாறு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் அவள் எப்படிப்பட்டவள் என்று எனக்கு முழுதாகத் தெரியாமல் இருந்தது. தாயார் காட்டிக்கொடுத்தாள்.

என்னைப் போல் உள்ளவர்களுக்கு ஒரே வார்த்தை. வேண்டிக்கொள்ளுங்கள், கட்டாயம் கேட்பாள். வேண்டிக்கொண்டபின் முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துப் பார்க்காதீர்கள். வீட்டுக்காரியிடம் சொல்லுங்கள். அவளையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

கருவி வாங்கிய பணம் சரோஜா மகளிர் குழுவில் எடுத்த கடன். எதற்கு என்று கேட்டார்களாம். “எங்க வூட்டுக்காரரு வைத்தியத்துக்கு” என்று தலை நிமிர்ந்து சொல்லியிருக்கிறாள். எல்லாவற்றுக்கும் கவலைப்படும் எனக்கு அந்தக் கடனை நினைத்தால் மட்டும் கவலை வருவதில்லை. இன்னும் பாக்கி நாலாயிரத்து இருநூறு ரூபாய்.