பஞ்சாயத்து ஆபீசில் மனநல டாக்டர்

எங்கள் தொழிலில், ஆளை டாக்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி. வீடு வீடாகப் போய் ஜனங்களை அழைக்கிற உத்தியோகம் பார்த்தவர்களுக்கு அந்தப் பாடு தெரியும்.

எழுபதுகளில், கேரள எல்லையோரம் வாளையார் பக்கத்து ஒரு பஞ்சாயத்தும் ஒரு பல்கலைக்கழகமும் கைகோத்தன. பஞ்சாயத்து ஆபீசில் ஒரு அறை. புதன்கிழமைதோறும் பல்கலைக்கழகத்து டாக்டரும் மருந்தும். ஆட்களை அழைத்து வருவது சமூகப் பணியாளரான என் பொறுப்பு.

கதவைத் திறந்து வைத்தவர்

முதல் வாரம் ஒருத்தரும் உள்ளே வரவில்லை. ரேஷன் கார்டுக்கு வந்தவர்கள் எட்டிப் பார்ப்பார்கள்; நான் நிமிர்ந்தால் நகர்ந்துவிடுவார்கள். உள்ளே போனால் 'பிராந்து' என்று ஊர் பேர் வைத்துவிடும். பைத்தியத்துக்கு அங்கே அதுதான் பேச்சு.

அடுத்த வாரம் பிரசிடெண்ட் வேலுச்சாமிக் கவுண்டர் வந்தார். கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு டாக்டர் எதிரே உட்கார்ந்தார். "சம்சாரம் போனதுல இருந்து தூக்கமே இல்லைங்க டாக்டர். படுத்தா நெஞ்சு படபடங்குது" என்றார், வாசல்வரை கேட்கிறபடி. கூட்டத்துக்காக நடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். பேசப் பேச அவர் கண் கலங்கியது, நிஜம்தான்.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் வெளியே வந்தபோது வாசலில் வரிசை நின்றது. முன்னால் நின்ற ருக்குமணி என்னிடம் சொன்னாள்: "பிரசிடெண்டே சொல்லிப்போட்டாருங்க. அப்புறம் எனக்கென்னங்க வெக்கம்?"

மாட்டுக் கொட்டகை

ருக்குமணி வந்தது தன் நாத்தனார் பொன்னாத்தாளுக்காக. அவர்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில், தூணோடு அவளைச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். பிறந்த குழந்தை செத்த பிறகு, அது கூப்பிடுகிறது என்று சொல்லிக் கிணற்றுக்கு ஓடியிருக்கிறாள். "கட்டாம உட்டா செத்துப்போயிருவாளுங்க" என்று, நானும் டாக்டரும் அங்கே போனபோது, அவள் அண்ணனான ருக்குமணியின் புருஷன் அழுதார். அவரைக் கோபிக்க எனக்கு மனசு வரவில்லை.

டாக்டர் சாணித் தரையிலேயே உட்கார்ந்து அவளோடு பேசினார். ஊசி போட்டார். மாத்திரையை அவள் விழுங்கும்வரை பக்கத்தில் இருக்கும் பொறுப்பை ருக்குமணி ஏற்றுக்கொண்டாள். பிரசிடெண்ட் பஞ்சாயத்துச் செலவில் கிணற்றுக்குக் கம்பிவலை போட்டுக் கொடுத்தார். வலை மூடிய அன்றே அண்ணன் சங்கிலியை அவிழ்த்தார்.

சில மாதம் கழித்துப் போனேன். பொன்னாத்தாள் கடலைக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "ஏனுங்க வெயில்ல நிக்கறீங்க? ஊட்டுக்குப் போயி மோர் குடிங்க."

உரமா, டாக்டரா?

அடுத்த வருஷம் மெம்பர் ராமசாமி ஒரு பிரச்சினையைக் கிளப்பினார். உர மூட்டை அடுக்க அந்த அறை வேண்டுமாம். அறை போனால் பல்கலைக்கழகமும் விலகிக்கொள்ளும். கூட்டத்துக்கு ஊரே வந்திருந்தது. "பிராந்துக்கெல்லாம் ஒரு ரூமுங்களா?" என்றார் அவர். நான் தயார் செய்து போயிருந்த பேச்சைப் பையிலிருந்து எடுத்தேன்.

அதற்குள் பின்வரிசையில் பொன்னாத்தாள் எழுந்தாள். "அந்தப் பிராந்து நாந்தானுங்க. போன வாரம் உங்க காட்டுல நாத்து நட்டனே, நட்டது சரியில்லீங்களா?"

ராமசாமி தலை குனிந்தார். அறை டாக்டருக்கே என்று கைகள் உயர்ந்தன. கடைசியாக அவர் கையும் உயர்ந்தது. "சரியாத்தான் நட்டிருக்கே, ஆத்தா. உரம் எங்க ஊட்டுலயே கெடக்கட்டும்."

நாங்கள் ஜெயித்ததற்கு அடையாளம், அதன்பிறகு எந்தப் புதன்கிழமையும், வாசல் வரிசை குறையாமல், மத்தியானச் சோற்றைச் சூடாகச் சாப்பிட முடியாமல் போனதுதான்.