மைக்கை மட்டும் பார்

“மேடம், மைக் ஆஃப்!” என்று கத்துவதுதான் என் தொழில். அன்றைக்கு நான் கத்துவதற்குள் பாதிப் பாடம் போய்விட்டது. மும்பை தாராவியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை. யுனிவர்சிட்டி ஆன்லைன் டிகிரி ஆரம்பித்ததிலிருந்து வீடு வீடாகப் போய் வகுப்பை ஓட வைக்கிறேன். “நான் பேசறது கேக்குதா?” என்று திரையிடம் கெஞ்சியவர்களே, நீங்கள் எல்லாம் என் சொந்தக்காரர்கள்.

இந்தப் பேரெல்லாம் யார்?

மாட்டுங்கா மேடம் எகனாமிக்ஸ் எடுப்பவர். யுனிவர்சிட்டி அவருக்குக் கொடுத்தது ஒரு லிங்க்தான். பழக்கிவிட ஆள் கிடையாது. நான் டிராஃபிக்கில் மாட்டி லேட்டாகப் போனால், சத்தமே போகாமல் மும்முரமாக நடத்திக்கொண்டிருக்கிறார். திரையில் வரிசையாக மாணவர்கள் பேர். ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும் மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “கேக்கலைன்னு ஒருத்தராவது சொல்லப்படாதோ? அப்போ இந்தப் பேரெல்லாம் யாருடா?”

வாய் பொத்தாத தெரு

தாராவி செல்வி அக்கா, அப்பாவின் தையல் பட்டறைக்கு மேலே பரணில் உட்கார்ந்து ஆன்லைன் பரீட்சை எழுதினாள். அவளுக்காகக் கீழே மிஷின் எல்லாம் நிறுத்தியாயிற்று. எதிரே தகரம் அடிப்பவர் நிறுத்தவில்லை. வெளிச்சத்தம் கேட்டால் பரீட்சை தானாக மூடிக்கொள்ளும். மூடிக்கொண்டது. அக்கா ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். எனக்கு அதிலும் பொறாமை: மூடிப்போக அவளுக்கு ஒரு பரீட்சையாவது இருக்கிறது. அவள் அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். “ஏலே, இவ ஒருத்தி படிக்க தாராவியே வாயப் பொத்தணுமா? ஒன் யுனிவர்சிட்டிக்காரன் இங்கன வந்து பாத்திருக்கானாலே?”

கடைசி பெஞ்சு

கொரோனாவில் பள்ளிக்கூடம் போனுக்குள் புகுந்த வருஷம், எங்கள் வீட்டின் ஒரே போன் அண்ணனோடு டெலிவரிக்குப் போனது. நான் ஒன்பதாவதோடு நின்றேன். இப்போது மாட்டுங்கா மேடம் வீட்டு சோபா ஓரம்தான் என் கடைசி பெஞ்சு. அங்கே உட்கார்ந்திருக்கும்போது மட்டும், நானும் படிக்கிறவன் மாதிரி இருக்கும். வகுப்பு ரெக்கார்ட் ஆகிறது, அதில் உன் குரல் விழுந்தால் வேறு பையனை அனுப்பிவிடுவேன் என்று கடை முதலாளி சொல்லியிருந்தார்.

மேடம் கேட்டார்: “உப்பு விலை ஏறினா விற்பனை குறையுமா?” திரையில் ஒரு அசைவு இல்லை. அவரும் காத்திருந்தார். பொறுக்கவில்லை எனக்கு.

“குறையும் மேடம்!”

திரும்பிப் பார்த்தார். “தப்பு. உப்பில்லாம யாராவது சமைப்பாளோ? சரி, அடுத்த கேள்விக்கும் நீயே சொல்லு.”

மைக்கை மட்டும் பார், வாயைத் திறக்காதே என்றுதான் முதலாளி சொல்லி அனுப்பினார். மைக் நன்றாகவே வேலை செய்தது.