கலர் சொன்னால் நீலம்

பெயிண்ட் கடையில் அவனுக்குப் பெயர் ‘கலர்’. சம்பளப் பட்டியலில் வேறு ஏதோ பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். சட்டைக்கும் பேண்ட்டுக்கும் பொருத்தமா என்று தெருவில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அவனிடம்தான் வருவார்கள். அவன் தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, ஒரு “ம்” கொட்டுவான். அதற்குமேல் அப்பீல் கிடையாது.

இப்பேர்ப்பட்ட ஆளுக்கு நீலத்துக்கும் ஊதாவுக்கும் வித்தியாசம் தெரியாது. பிறவியிலேயே அப்படி. கடையில் அது ஒருநாளும் இடைஞ்சலாக இருந்ததில்லை. வாடிக்கையாளர் அட்டையில் ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டுவார், கட்டத்தின் கீழே எண் இருக்கும், எண்ணைத் தட்டினால் மிஷின் சொட்டுச் சொட்டாக மையை விடும். இவன் மூடியை அடித்துச் சாத்திக் குலுக்கிக் கொடுப்பான். கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. ஆனால் இவ்வளவு பேர் எடுத்த பிறகு உண்மையை யாரிடம் போய்ச் சொல்வது? பெற்ற தாய்க்கே தெரியாது.

அவனுக்குக் கல்யாணம் பேசி முடித்ததும், மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிற மணப்பெண் போன் செய்தாள்.

“எனக்கு நீலக்கல் வச்ச மோதிரம் போதும். ஆனா கல்லை நீங்கதான் பாத்து எடுக்கணும். கலர் விஷயத்துல உங்கள விட்டா வேற யாரு இருக்கா?”

அவளை அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இவன் முழுக்க முழுக்கப் பொய் என்று தெரிந்தால் அவள் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று நினைத்தாலே சோறு இறங்கவில்லை.

நகைக்கடைக்கு அவனுடைய அக்காவும் வருங்கால மாமனாரும் கூட வந்தார்கள். வேலை முடிந்து நேராக வந்துவிடுவதாக மணப்பெண் சொல்லியிருந்தாள். வந்த இடத்தில் சும்மா இருக்காமல், தன் தோட்டில் விழுந்துபோன ஊதாக் கல்லுக்கும் ஒன்று பார்க்கலாம் என்று அக்கா ஆரம்பித்தாள். விற்பனையாளர் நீலத்தையும் ஊதாவையும் ஒரே தட்டில் கொட்டிக்கொண்டு வந்து வைத்தார்.

கலர் தட்டைப் பார்த்தான். தட்டு முழுக்க ஒரே நிறம்.

“இதுக்கெல்லாம் நம்பர் என்ன?” என்றான்.

“நம்பரா? கல்லுக்கு எடைதான் சார் உண்டு.”

“சரி. காய்ஞ்சா டார்க் ஆகுமா?”

விற்பனையாளர் அக்காவைப் பார்த்தார். “சார், இது கல்லு.”

“அவன் காரணமில்லாம கேக்க மாட்டான்,” என்றாள் அக்கா பெருமையாக.

இனி தப்பிக்க வழியில்லை. கண்ணைச் சுருக்கி, “ம்” கொட்டி, இருப்பதில் பெரிய கல்லாகப் பார்த்து எடுத்து வைத்தான். அது கத்தரிக்காய் ஊதா.

“அருமையான நீலம் மாப்பிள்ளை!” என்றார் மாமனார். சம்பந்தம் கெட்டுவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம் அவருக்கு.

“எனக்கு ஊதா மாதிரிதான் தெரியுது. ஆனா அவனே சொல்றான்னா…” என்று அக்கா இழுத்தாள்.

மேனேஜர் வந்தார். சார் எங்கே வேலை பார்க்கிறார் என்று கேட்டார். பெயிண்ட் கடை, கலர் பிரிவு என்றதும் அவருடைய முகமே மாறியது. கல்லை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய் வெயிலில் பார்த்தார். அங்கேயும் அது ஊதாவாகத்தான் இருந்திருக்க வேண்டும். திரும்பி வந்து, “நம்ம கடை லைட்டு சரியில்ல. சார் சொன்னதுதான் சரி,” என்றார். அதோடு விட்டாரா? “சார் தப்பா நினைக்கலன்னா, இந்தத் தட்டு மொத்தத்தையும் பிரிச்சுக் குடுத்துடுங்களேன்.”

கலர் பிரித்தான். பெரியதெல்லாம் நீலம், சின்னதெல்லாம் ஊதா. விற்பனையாளர் பயபக்தியோடு வாங்கி வாங்கி வைத்தார். பக்கத்தில் நின்றிருந்த ஓர் அம்மா தன் மோதிரத்தைக் கழற்றி நீட்டினாள். கல் பெரியது. “நீலம்,” என்றான்.

“ஊதான்னு சொல்லித்தானேய்யா தலையில கட்டின!” என்று அந்த அம்மா விற்பனையாளர் மேல் பாய்ந்தாள். அந்த மனிதர் கண் கலங்கிவிட்டார். “எனக்கு ஊதாவாத்தான் தெரிஞ்சுது மேடம். என் கண்ணுலதான் ஏதோ கோளாறு போல,” என்றார்.

கலருக்குச் சுருக்கென்றது. அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு மணப்பெண் உள்ளே வந்தாள். மேஜைமேல் இருந்த கல்லைப் பார்த்தாள், அழுகிற விற்பனையாளரைப் பார்த்தாள், கடைசியாக அவனைப் பார்த்தாள்.

“இது என்ன கலர்?”

நீலம் என்று சொன்னால் போதும். கடையே ஆமாம் போடத் தயாராக இருந்தது.

“தெரியல,” என்றான். “எனக்குத் தெரியாது. எப்பவுமே தெரிஞ்சதில்ல. அவர் கண்ணு நல்லாத்தான் இருக்கு. என் கண்ணுதான் இப்படி.”

“மாப்பிள்ளை தன்னடக்கமா பேசறாரும்மா,” என்றார் மாமனார் அவசரமாக.

“அப்பா, கொஞ்சம் சும்மா இருங்க.” அவள் அவனுக்கு எதிரில் உட்கார்ந்தாள். “கண்ணாடி போட எங்க கடைக்கு வந்தீங்களே, ஞாபகம் இருக்கா? நிறம் தெரியுதான்னு பாக்க, கலர் புள்ளியால எழுதின எண்ணைப் படிக்கச் சொன்னா, இல்லாத எண்ணா சொன்னீங்க. அன்னைக்கே தெரியும். நீங்களே சொல்வீங்கன்னு பாத்தேன். வாயே தொறக்கல. அதான் கல்லை உங்களையே எடுக்கச் சொன்னேன்.”

அவனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவள் தட்டிலிருந்து ஒரு சின்னக் கல்லை எடுத்து அவனுடைய உள்ளங்கையில் வைத்தாள். மறு கையில் அந்தக் கத்தரிக்காய்க் கல்லை வைத்தாள்.

“சின்னதுதான் நீலம். நல்லாப் பாருங்க.”

நன்றாகப் பார்த்தான்.

“ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது,” என்றான்.

“சரி,” என்றாள் அவள். விற்பனையாளரிடம் திரும்பி, அளவெடுக்க விரலை நீட்டினாள்.