மிஞ்சிய ஐந்து ரிங்

மூன்று வருடங்களுக்கு முன்பு, குற்றாலத்தில் சாரல் சீசன். ஐந்தருவி போகும் சாலையோரம் ஒரு வீட்டுக்கு மேல்தளம் கான்கிரீட் போடும் நாள். நான் கம்பி கட்டுகிறவன். வீட்டுக்காரர் ராணுவத்தில் வடக்கே எங்கோ இருந்தார். அவருடைய மனைவிதான் வேலையைப் பார்த்துக்கொண்டார்.

எனக்கு ஒரு திமிர் உண்டு. பில்லரையும் பீமையும் சுற்றிக் கட்டும் ரிங்கை எண்ணித்தான் வளைப்பேன். ஒன்று கூடாது, ஒன்று குறையாது. அன்று காலை ரிங் கொண்டுவந்த சாக்கை உதறினால் ஐந்து ரிங் கிடக்கிறது!

என் எண்ணிக்கை தப்பாது. அப்படியென்றால் எங்கோ கட்டாமல் விட்டிருக்கிறேன். மேலே ஏறி ஒவ்வொரு பில்லராகக் குனிந்து பார்த்தேன். நடு பில்லரும் பீமும் சேரும் இடத்தில் ஒன்றுகூட இல்லை. கம்பி நெருக்கமாக இருக்கிறது, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் தள்ளிப்போட்ட இடம். முந்தின நாள் இன்ஜினியரும் கவனிக்காமல் சரி சொல்லிவிட்டுப் போயிருந்தார். கீழே கலவை மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. இன்னும் பத்து நிமிஷத்தில் எல்லாம் சிமெண்டுக்குள் போய்விடும். சாக்கைச் சுருட்டி வண்டியில் வைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், பொய் சொல்லவில்லை.

பிறகு மிஷினை நிறுத்தச் சொன்னேன். கொத்தனாருக்கு வந்ததே கோபம்.

"ஏலே, இன்ஜினியரே பாத்துட்டாரு. அங்கன பாரு, மலையில மேகம் எறங்குது. அஞ்சு ரிங்குக்கா வீடு விழுந்திரப் போவுது?"

"விழுதோ விழலையோ, நான் கட்டுன வீடுன்னு எப்படி அண்ணாச்சி சொல்லுவேன்?"

சத்தம் கேட்டு வீட்டுக்கார அக்கா மேலே வந்தார். "நான்தான் விட்டுட்டேன்க்கா, அரை மணி நேரம் தாங்க" என்றேன். வெட்கமாக இருந்தது. அவர் கொத்தனாரைப் பார்த்து, "மழை வந்தா தார்ப்பாய் இருக்குல்லா? அவரு கட்டட்டும்" என்றார்.

பீம் கம்பியை அவிழ்த்து, விரல் கிழிய ஐந்தையும் நுழைத்துக் கட்டினேன். பாதி கான்கிரீட் போட்டபோது சாரல் வந்தது. தார்ப்பாயின் ஒரு முனையை நானும் மறு முனையைக் கொத்தனாரும் பிடித்தோம். திட்டிக்கொண்டேதான் பிடித்தார்.

பால் காய்ப்புக்கு வீட்டுக்காரர் லீவில் வந்திருந்தார். எல்லோரும் டைல்ஸையும் பெயிண்டையும் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். அக்கா சொல்லியிருப்பார் போல, அவர் என்னிடம் வந்து, "எந்த பில்லர்?" என்று மட்டும் கேட்டார். காட்டினேன். அதில் சாய்ந்து நின்றபடி என்னோடு காப்பி குடித்தார்.

இன்றைக்கும் கான்கிரீட்டுக்குச் சரி சொல்லும் முன் சாக்கை ஒருமுறை உதறிப் பார்க்கிறேன். என் வேலை யார் கண்ணிலும் படாமல் உள்ளே போய்விடும், ஆனால் ஒருநாள் யாரோ ஒருவர் அதை நம்பிச் சாய்ந்து நிற்பார்.